மேல் மூன்று வரிசை

வட்டவளை,
04.08.2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

தங்கச்சி பூரணி எழுதுவது. நானும் அவரும் பிள்ளை தயானியும் ஆளுக்கொரு இருமலைத் தவிர மற்றபடி சுகம். கொழும்பு வெயில் உங்கள் தலைவலியைக் கூட்டாமல் இருக்க வேண்டுமென்று மாரியம்மனிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

கடிதத்தைக் கண்டு பயந்துவிடாதீர்கள். யாருக்கும் ஒன்றுமில்லை. ஞாயிற்றுக்கிழமை நீங்கள் கோல் எடுத்தபோது நான் 'ம், ம்' என்று மட்டும் சொன்னேனென்று கோபித்துக்கொண்டு வைத்துவிட்டீர்கள். நான் என்ன செய்ய? எங்கள் காம்பராவுக்கும் அழகம்மாக்கா காம்பராவுக்கும் நடுவில் இருந்த சுவரை உடைத்துவிட்டார்கள். நான் போனில் பேசினால் அந்தப் பக்கம் அழகம்மாக்காவும் மகன் நிரோஷனும் போன மாதம் கட்டிக்கொண்டு வந்த மருமகள் கிருஷாந்தியும் சோற்றுக் கோப்பையோடு உட்கார்ந்து கேட்கிறார்கள். கேட்கக் கூடாதென்றுதான் பார்க்கிறார்கள் பாவம். இருக்கிறது ஒரே அறை, காதைக் கழற்றி எங்கே வைப்பார்கள்.

இது உங்கள் காரியாலயத்து லயம் திருத்துகிற திட்டமாம். ஹட்டனிலிருந்து லொறியில் பையன்கள் வந்தார்கள். லயத்தில் ஒரே தகரக் கூரைக்குக் கீழ் இருக்கிற பன்னிரண்டு காம்பராவுக்கும் இடையில் இருந்த கல்லும் மண்ணுமான பழைய சுவர் எல்லாவற்றையும் இடித்து, மண்ணை அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். புதுச் சுவர் எப்போது வரும் என்று கேட்டேன். "அது எங்க வேல இல்லக்கா. எங்களுக்கு ஒடைக்கிறதுக்கு மட்டுந்தான் கொந்தராத்து" என்று சொல்லிவிட்டு லொறியில் ஏறிவிட்டார்கள். நீங்கள்தானே இதற்கெல்லாம் கணக்குப் போடுகிற பெரிய மனுசன். கட்டுகிறவர் யாரென்று உங்களுக்காவது தெரியுமா?

பதிலை வீட்டுக்கு அனுப்ப வேண்டாம். பிள்ளைக்காம்பராவில் பிள்ளை பார்க்கிற ஜெயமலர் பேருக்குப் போடுங்கள். அவள் என் கையிலேயே கொடுப்பாள். நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள் தங்கச்சி,
பூரணி

*

கொட்டாஞ்சேனை, கொழும்பு,
15.08.2024

அன்புத் தங்கச்சி பூரணிக்கு,

அண்ணன் யோகேஸ்வரன் எழுதுவது. தலைவலி என்னைவிட்டுப் போகாது, ஆனால் கூடவில்லை. உன் இருமலுக்குக் கொத்தமல்லி அவித்துக் குடி. மச்சானையும் தயானியையும் விசாரித்ததாகச் சொல்.

உன் கடிதத்தைப் படித்து வெட்கமாகப் போய்விட்டது. அந்த வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்ததே நான்தான். ஒரே டெண்டராகப் போட்டால் கொழும்புப் பெரிய கம்பெனி ஒன்று எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போகும், நம் தோட்டத்துப் பையன்கள் கல் சுமக்கத்தான் ஆவார்கள் என்று எங்கள் எஞ்சினியர் விஜிதரன் சேரிடம் எடுத்துச் சொன்னேன். அவரும் சரியென்றார். உடைப்பது ஒரு பெக்கேஜ், கட்டுவது ஒன்று, ஒயரிங் ஒன்று, பூச்சு ஒன்று, பெயின்ட் ஒன்று. சின்னச் சின்னதாக இருந்தால் சின்ன ஆட்களும் விலை போடலாம் என்பது என் எண்ணம்.

உடைப்பதற்குப் பத்துப் பேர் விலை போட்டார்கள். கட்டுவதற்கு ஒரே ஒருவர்தான் போட்டார், அதுவும் எங்கள் மதிப்பீட்டைவிட மேலே. ஒருவரை மட்டும் வைத்துக்கொண்டு கொடுக்க முடியாது, திரும்பக் கூப்பிட வேண்டும். அது முடியுமுன்னே உடைப்புக்காரர் தன் தவணைக்குள் வந்து தன் வேலையை முடித்துவிட்டார். அவர் மேல் பிழையில்லை. கட்டுகிற ஆள் கையெழுத்து வைத்த பிறகுதான் உடைக்கத் தொடங்கலாம் என்று ஒரு வரி நான் எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை.

நீ கவலைப்படாதே. எத்தனை பேர் காலில் விழுந்தாவது சுவரைச் சீக்கிரம் எழுப்ப வைக்கிறேன். அதுவரை ஒரு படங்காவது கட்டி மறைத்துக்கொள்ளுங்கள். அழகம்மாக்காவிடம் என் சார்பில் மன்னிப்புக் கேள்.

அன்புடன்,
அண்ணன்

*

வட்டவளை,
01.09.2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

இருமல் போய்விட்டது. உங்கள் கடிதத்தை ஜெயமலர் தேயிலைச் சாக்குக்குள் ஒளித்துக்கொண்டு வந்து கொடுத்தாள். கள்ளக் கடத்தல் மாதிரி இருந்தது, இரண்டு பேரும் சிரித்துவிட்டோம்.

நீங்கள் யார் காலிலும் விழ வேண்டாம். படங்கு கட்டினோம், காற்று ஒரே நாளில் கிழித்துவிட்டது. இப்போது அழகம்மாக்காவின் பழைய சேலை ஒன்றும் என்னுடைய சேலை ஒன்றும் தொங்குகின்றன. அந்தப் பக்கம் விளக்குப் போட்டால் எங்களுக்கும் வெளிச்சம். அவர்கள் ரொட்டி சுட்டால் நான் சம்பல் இடிக்கிறேன். கிருஷாந்திக்குத்தான் வெட்கம் தாங்கவில்லை, புதுப் பெண்ணில்லையா. அவள் மாமியாரோடு உள்ளே படுக்க, நிரோஷன் வெளியில் இஸ்தோப்புத் திண்ணையில் படுக்கிறான். லயமே அவனைப் பார்த்துச் சிரிக்கிறது.

தயானி இப்போது பள்ளிக்கூடப் பாட்டையெல்லாம் சத்தமாகப் பாடுகிறாள். முன்பு பொழுது சாய்ந்தால் வாயே திறக்க மாட்டாள். அழகம்மாக்கா அந்தப் பக்கமிருந்து இன்னொரு தரம் பாடு என்பார், இவள் திரும்பப் பாடுவாள்.

அதனால் சுவருக்கு அவசரமில்லை. உங்கள் உத்தியோகத்துக்கு இடைஞ்சல் வராமல் மெதுவாகச் செய்யுங்கள். திரும்பக் கூப்பிட வேண்டுமென்றால் திரும்பத் திரும்பக் கூப்பிடுங்கள்.

உங்கள் தங்கச்சி,
பூரணி

*

கொட்டாஞ்சேனை,
09.09.2024

அன்புத் தங்கச்சிக்கு,

உங்கள் மூவரின் சுகத்துக்கும் கடவுளை வேண்டுகிறேன். எனக்கு ஒரு குறையுமில்லை.

நல்ல செய்தி. இரண்டாம் தரம் கூப்பிட்டதில் மூன்று விலைமனு வந்தது. குறைவாகப் போட்டவர் யார் தெரியுமா? நம் தோட்டத்துக் கீழ் டிவிசன் வீரய்யா மேசன்தான். அவர் விலையும் மதிப்பீட்டுக்குக் கொஞ்சம் மேலேதான் நிற்கிறது, பேசிக் குறைக்கலாம் என்று சேர் சொன்னார். ஒவ்வொரு நாளும் அவர் மேசைக்கு முன்னால் போய் நின்றேன். யோகேஸுக்குத் தன் சொந்தத் தோட்டமென்றால் பசியில்லை, தூக்கமில்லை என்று எல்லோரும் கேலி செய்கிறார்கள். ஐப்பசிக்கு முன்னால் கல் அடுக்கத் தொடங்கிவிடுவார்கள்.

ஆனால் பூரணி, உன் கடிதத்தை இரண்டு மூன்று தடவை படித்தேன். நடுச்சுவர் இல்லாமல் இரண்டு குடும்பம் ஒரு காம்பராவில் கிடப்பதை யாராவது அவசரமில்லை என்பார்களா? உடுப்பு மாற்ற என்ன செய்கிறாய்? கடிதத்தை ஏன் ஜெயமலர் பேருக்குப் போடச் சொல்கிறாய்? நம் வீட்டுக்கு வருகிற கடிதத்தை மச்சான் வாங்கினால் என்ன? தைப்பொங்கலுக்கு வந்தபோது உன் கை வீங்கியிருந்தது, மலையில் சறுக்கியது என்றாய். அதுவும் ஞாபகம் வருகிறது. நான் சொல்வது பிழையென்றால் பிழையென்று எழுது. எதையாவது மறைக்கிறாயா?

அன்புடன்,
அண்ணன்

*

வட்டவளை,
22.09.2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

சுகமாக இருக்கிறேன். இப்போதைக்கு உண்மையாகவே சுகமாக இருக்கிறேன்.

நீங்கள் நேரில் கேட்டிருந்தால் இல்லையென்று சொல்லியிருப்பேன். தாளில் கேட்டதால் எழுதுகிறேன். அவர் என்னை அடிப்பார். கல்யாணமான வருசத்திலிருந்தே. குடித்தாலும் அடிப்பார், குடிக்காவிட்டாலும் அடிப்பார். கறி சரியில்லை, பேச்சு சரியில்லை, காலையில் பெரட்டுக்குப் பேர் கொடுக்கப் போனபோது வேலை பிரிக்கிற கண்டாக்கையாவைப் பார்த்துச் சிரித்தேன், ஏதாவது ஒன்று கிடைக்கும். வெளியில் நல்ல மனுசன் என்று பேர். கோயில் திருவிழாவில் முதல் ஆளாக நின்று வேலை செய்வார். மலையில் நான் சறுக்கியதே இல்லை அண்ணா. எத்தனை வருசமாகக் கொழுந்து எடுக்கிறேன், ஒரு தரம்கூடச் சறுக்கியதில்லை.

சுவர் உடைத்த நாளிலிருந்து என் மேல் கை வைக்கவில்லை.

ஒரே ஒரு நாள் வைக்கப் பார்த்தார். விளக்கு வைத்த நேரம். ரொட்டி கருகிவிட்டதென்று எழும்பிக் கையை ஓங்கினார். சேலை விலகியது. அழகம்மாக்கா உள்ளே வந்து நின்றார். "பூரணி, கொஞ்சம் உப்பு குடும்மா" என்றார். விளக்கு வைத்த பிறகு எந்த வீட்டிலும் உப்பு கேட்கவும் மாட்டார்கள், கொடுக்கவும் மாட்டார்கள். அது அக்காவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், கையை ஓங்கியவருக்கும் தெரியும். நான் எழும்பிப் போய் உப்பு எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு அக்கா போகவில்லை. அங்கேயே நின்று மழையைப் பற்றியும் கொழுந்து வராததைப் பற்றியும் பேசினார். இவர் ஓங்கிய கையால் தலையைச் சொறிந்துகொண்டு இஸ்தோப்புக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. அந்தப் பக்கம் நாலு கண் பார்க்கிறது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

அண்ணா, இத்தனை வருசத்தில் இந்த இரண்டு மாதந்தான் நான் நிம்மதியாகத் தூங்கினேன். வெட்கத்தைவிட்டுக் கேட்கிறேன். உங்கள் கையில் இருந்தால் அந்தச் சுவரை இன்னும் கொஞ்ச நாள் கட்டாமல் வைத்திருங்கள்.

இங்கே வந்து அவரிடம் எதையும் கேட்டுவிட வேண்டாம். நீங்கள் கேட்டுவிட்டு ராத்திரி ரயிலில் ஏறிப் போய்விடுவீர்கள். நான் இங்கே இருப்பேன்.

உங்கள் தங்கச்சி,
பூரணி

*

கொட்டாஞ்சேனை,
27.09.2024

என் தங்கச்சிக்கு,

உன் சுகம் கேட்டு எழுதத் தொடங்கினேன். பேனா ஓடவில்லை.

கடிதத்தை போர்டிங் மாடிப்படியில் உட்கார்ந்து படித்தேன். மேலே போக முடியவில்லை, அறையில் ஆட்கள் இருந்தார்கள். வருசத்துக்கு ஒரு முறை வந்து மச்சானோடு உட்கார்ந்து கோழிக்கறி தின்றுவிட்டுப் போயிருக்கிறேன். அவர் சோற்றைப் போடும்போது, இன்னும் கொஞ்சம் போடுங்க மச்சான் என்று கேட்டும் இருக்கிறேன். இதை எங்கே கொண்டுபோய்க் கழுவுவது?

நீயும் தயானியும் இங்கே வந்துவிடுங்கள் என்று சொல்லத்தான் மனம் அடித்துக்கொள்கிறது. நான் இருப்பது ஆறு ஆம்பிளைகள் படுக்கிற அறை. வேறு இடம் தேடத் தொடங்கிவிட்டேன். பொலிசுக்குப் போகலாமா என்றும் யோசி.

நீ கேட்டதைச் செய்திருக்கிறேன். கட்டிய பிறகு ஒயர் இழுக்கப் பள்ளமாகக் காடி வெட்டினால் புதுச் சுவரில் வெடிப்பு விழும், ஆகவே ஒயரிங்காரரை முதலில் எடுத்துக் குழாய்களை நிறுத்திவிட்டு அதைச் சுற்றிக் கல் கட்டுவோம் என்று விஜிதரன் சேரிடம் சொன்னேன். பொய்யில்லை, அப்படியும் செய்வதுண்டு. அவர் யோசித்துவிட்டுச் சரியென்றார். ஒயரிங் டெண்டர் இனித்தான் பத்திரிகையில் வர வேண்டும். அது முடியும்வரை வீரய்யா மேசன் கல்லைத் தொட முடியாது. போன மாதம் இந்தச் சுவருக்காக அவர் மேசை முன்னால் நின்றவன், இந்த மாதம் அதே மேசை முன்னால் நின்று அதைத் தள்ளிப் போடச் சொன்னேன். எனக்கென்ன பைத்தியமா என்று அவர் நினைத்திருக்கலாம்.

எத்தனை நாள் தாங்குமென்று தெரியாது. கிடைக்கிற வரைக்கும் தூங்கு.

அண்ணன்

*

வட்டவளை,
20.10.2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

நாங்கள் சுகம். நீங்கள் இடம் தேடி வெயிலில் அலைய வேண்டாம், தலைவலி கூடும். தீபாவளிக்கு லீவு கிடைக்குமா?

பொலிசுக்கு நான் ஒரு தரம் போயிருக்கிறேன், தயானி கைப்பிள்ளையாக இருந்தபோது. இரண்டு பேரையும் உட்கார வைத்துச் சிங்களத்தில் புத்தி சொன்னார்கள். இனி அடிக்க மாட்டேன் என்று அவர் சொன்னார், அவர்களும் போகச் சொன்னார்கள். இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில்தான் திரும்பி வந்தோம். மிச்சத்தை நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள். கொழும்புக்கு வரலாம்தான். காம்பரா அவர் பேரில். நான் இறங்கிப் போனால் தோட்டத்தில் என் பேரை வெட்டுவார்கள், தயானியின் பள்ளிக்கூடமும் போய்விடும். நம் அப்பா அம்மா காம்பராவில் இப்போது யாரோ இருக்கிறார்கள். போக எனக்கு ஒரு வீடில்லை.

இங்கே மழை பிடித்துவிட்டது. உடைத்த இடத்தில் தகரம் சரியாக உட்காராமல் தண்ணீர் இரண்டு வீட்டுக்கும் இறங்குகிறது. கிருஷாந்தியின் அப்பா வலப்பனையிலிருந்து வந்து மகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். "செவரு எழும்புன பெறகு சொல்லுங்க, கொண்டாந்து விடுறேன்" என்று சொன்னாராம். நிரோஷன் யாரோடும் பேசுவதில்லை. கடைசிக் காம்பராவில் பிள்ளை பெரியவளாகிவிட்டாள், மறைவுக்கு இடமில்லாமல் அலுமாரியைத் திருப்பி வைத்து அதன் பின்னால் உட்கார வைத்தார்கள். அந்தத் தாய் அழுத அழுகை லயம் முழுக்கக் கேட்டது.

அதனால் தோட்டத்துச் சங்கத் தலைவர் ஒரு பெட்டிஷன் எழுதினார். சுவர் உடனே வேண்டுமென்று. அழகம்மாக்காதான் தாளை வீடு வீடாகக் கொண்டுபோனார். சேலையை விலக்கிக்கொண்டு என்னிடமும் வந்தார். "நீயும் போடும்மா" என்றார், என் முகத்தைப் பார்க்காமல். நானும் கையெழுத்துப் போட்டேன் அண்ணா. போடாவிட்டால் ஏன் என்று பதினொரு குடும்பமும் கேட்கும். அக்கா மேல் எனக்குக் கோபமில்லை. அவர் மகனும் வாழ வேண்டும்.

பெட்டிஷன் உங்கள் காரியாலயத்துக்குத்தான் வரும். பார்த்துவிட்டுத் திட்டாதீர்கள்.

உங்கள் தங்கச்சி,
பூரணி

*

கொட்டாஞ்சேனை,
14.11.2024

அன்புத் தங்கச்சிக்கு,

உன் சுகத்தைத்தான் இப்போதெல்லாம் காலையில் எழும்பியதும் நினைக்கிறேன். தீபாவளிக்கு வர முடியவில்லை. உண்மையைச் சொன்னால் மச்சான் முகத்தைப் பார்த்துப் பலகாரம் தின்ன என்னால் முடியாது.

பெட்டிஷன் என் மேசைக்கே வந்தது. கீழே உன் கையெழுத்து இருந்தது. பள்ளிக்கூடத்தில் எழுதிய அதே குண்டு எழுத்து. அதைச் சேரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் யாழ்ப்பாணத்து மனுசன், கோபம் வந்தாலும் குரல் உயராது. "யோகேஸ், சனம் மழைக்குள்ள கிடக்குது. ஒயரிங்கைப் பிறகு பாப்பம். உடன சுவர் வேலையைத் தொடங்கச் சொல்லும்" என்றார். நான் நின்றேன். என்ன, ஏதும் சொல்ல இருக்கோ என்று கேட்டார். இல்லை சேர் என்றேன். வேறு என்ன சொல்ல? என் தங்கச்சி அடி வாங்காமல் இருக்க மற்றக் குடும்பமெல்லாம் மழையில் கிடக்கட்டும் என்றா?

ஒன்றே ஒன்று செய்தேன். அதை உனக்குச் சொல்லத்தான் இந்தக் கடிதம். புதுச் சுவர் தகரம் முட்டப் போக வேண்டும், ஒரு வீட்டுச் சத்தம் அடுத்த வீட்டுக்குப் போகக் கூடாது என்று வரைபடத்தில் இருந்தது. வீரய்யா மேசனின் விலை இன்னும் மதிப்பீட்டுக்கு மேலேதான் நின்றது. மேல் மூன்று வரிசைக் கல்லை விட்டுவிட்டால் விலை இறங்கும் சேர், பழைய சுவரும் அப்படித்தான் இருந்தது என்றேன். கணக்கைப் பார்த்தார், ஒரு கோடு இழுத்து வெட்டிவிட்டார். உன் சுவருக்கு மேலே இரண்டு அடி திறந்திருக்கும் பூரணி. சத்தம் போகும். கை ஓங்கினால் நீ கத்து. அடக்கிக்கொண்டு இருக்காதே. அழகம்மாக்கா காதில் விழும், ஓடி வருவார். உன்னை இப்போது அவருக்குத் தெரியும்தானே.

இந்தக் காரியாலயத்தில் எனக்குள்ள அதிகாரம் மூன்று வரிசைக் கல் அளவுதான். அதை உனக்குத் தந்துவிட்டேன்.

அண்ணன்

*

கொட்டாஞ்சேனை,
10.12.2024

அன்புத் தங்கச்சிக்கு,

சுகமா? ஒரு வரி போதும், எழுது. போன கடிதத்துக்குப் பதிலில்லை. ஜெயமலர் லீவில் போயிருப்பாள் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொள்கிறேன்.

வீரய்யா மேசன் வேலை முடிந்த போட்டோக்களைக் காரியாலயத்துக்கு அனுப்பியிருக்கிறார். உங்கள் வீட்டுச் சுவரும் இருந்தது. நேராக, சுத்தமாகக் கட்டியிருக்கிறார். சேர் பாராட்டினார். போட்டோவின் ஓரத்தில் உன் அடுப்பு தெரிந்தது. உன்னைத் தேடினேன், நீ இல்லை.

ஞாயிற்றுக்கிழமை கோல் எடுத்தேன். மச்சான்தான் எடுத்தார். "சொகமா இருக்கீங்களா மச்சான், ஒங்க தங்கச்சி பீலிக்குத் தண்ணி எடுக்கப் போயிருக்கா" என்றார். தலைவலி எப்படி என்றுகூட விசாரித்தார். நானும் பரவாயில்லை மச்சான் என்று பதில் சொன்னேன்.

வாடகைக்கு இடம் இன்னும் கிடைக்கவில்லை. பெண்ணையும் பிள்ளையையும் மட்டும் வைத்திருக்க எந்த வீட்டுக்காரரும் சம்மதிப்பதில்லை, ஆயிரம் கேள்வி கேட்கிறார்கள். விடாமல் தேடுகிறேன். எழுது.

அண்ணன்

*

வட்டவளை,
05.01.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

தயானி சுகம். அவர் சுகம். நீங்கள் சுகமாக இருக்க வேண்டும். பதில் எழுதச் சுணங்கிவிட்டேன். வலது கை கொஞ்ச நாள் பேனா பிடிக்கவில்லை, இப்போது பிடிக்கிறது.

சுவர் நல்ல சுவர். வீரய்யா மாமா ஒரு கல் கோணாமல் கட்டிக் கொடுத்தார். நீங்கள் சொன்னபடி மேலே இரண்டு அடி விட்டிருந்தார். சாரக் கம்புகளை அவிழ்த்துக்கொண்டு அவர் போன அன்று சாயந்தரமே நடந்தது. காரணம் கேட்காதீர்கள், இருந்ததாக எனக்கு ஞாபகமில்லை. இத்தனை மாதத்துக்கும் சேர்த்துக் கொடுத்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நான் கத்தினேன் அண்ணா. எப்போதும் வாய்க்குள் துணியை வைத்துக்கொள்கிறவள், அன்று உங்களை நம்பிக் கத்தினேன். அழகம்மாக்கா பேரைச் சொல்லியே கூப்பிட்டேன். அந்தப் பக்கம் எல்லோரும் இருந்தார்கள், கிருஷாந்திகூட அன்றைக்குத்தான் வலப்பனையிலிருந்து திரும்பி வந்திருந்தாள். ரேடியோவில் பாட்டுப் போய்க்கொண்டிருந்தது. நான் இரண்டாம் தரம் கூப்பிட்டபோது ரேடியோ சத்தத்தைக் கூட்டினார்கள்.

பழைய சுவருக்கு மேலேயும் அதே இரண்டு அடிதானே திறந்திருந்தது, நீங்களே அதை எழுதியும் எப்படி யோசிக்காமல் விட்டீர்கள்? நீங்களும் லயத்தில் பிறந்தவர்தானே. இங்கே எல்லா வீட்டுச் சத்தமும் எல்லா வீட்டுக்கும் கேட்கும். கேட்டதை யாரும் கேட்டதாக வைத்துக்கொள்வதில்லை. நம் வீட்டில் அம்மா அழுதபோது யார் வந்தார்கள்? அடுத்த நாள் பீலியில் வாளியை முன்னுக்கு வைக்க இடம் விட்டார்கள், அவ்வளவுதான். ஒரே தகரத்துக்குக் கீழே இத்தனை குடும்பம் சண்டையில்லாமல் இருப்பது அப்படி இருப்பதால்தான். கண்ணால் பார்த்துவிட்டால் மட்டும் அப்படி இருக்க முடியாது. கண்ணுக்கு முன்னால் ஒருத்தி விழுந்து கிடந்தால் உப்பாவது கேட்டுக்கொண்டு வர வேண்டியிருக்கிறது.

அடுத்த நாள் காலையில் பீலியில் அழகம்மாக்கா நின்றார். எனக்கு முன்னால் வந்திருந்தும் என் வாளியை வாங்கி முதலில் நிரப்பிக் கொடுத்தார். என் கையைப் பார்த்தார். அவர் கண் கலங்கியிருந்தது, பொய் சொல்லக் கூடாது. அவராகத்தான் சொன்னார். "செவரு எழும்பிருச்சேம்மா. இனி நாங்க என்னான்னு சொல்லிக்கிட்டு உள்ள வர்றது?"

வாளியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

நிரோஷனும் கிருஷாந்தியும் சந்தோசமாக இருக்கிறார்கள். கடைசிக் காம்பராப் பிள்ளைக்குச் சடங்கு நன்றாக நடந்தது. சுவர் வந்த பிறகு லயத்துக்கே ஒரு களை வந்திருக்கிறது என்று எல்லோரும் சொல்கிறார்கள், அதுவும் உண்மைதான். உங்களைப் பற்றியும் நல்லபடியாகப் பேசுகிறார்கள், நம்ம யோகேஸ்வரன் இருந்ததால்தான் வேலை நடந்தது என்று. தயானி மட்டும் பாடுவதை நிறுத்திவிட்டாள்.

நீங்கள் உங்களைத் திட்டிக்கொள்ள வேண்டாம். உங்களால் முடிந்ததைச் செய்தீர்கள். வீடு தேடுவதையும் விட வேண்டாம், கிடைத்தால் எழுதுங்கள், அப்போது பார்ப்போம்.

தைப்பொங்கல் முடிந்ததும் பூச்சு வேலைக்காரர் வருவார்களாம். அதற்கு முன்னால் ஒயரிங்காரர் வந்து காடி வெட்டுவார்கள் என்று வீரய்யா மாமா சொன்னார். காடி எவ்வளவு அகலம் என்று கேட்டேன். ஒரு விரல் அகலம் என்றார். அது போதாது அண்ணா. உங்களிடம் வேலைகளை ஒழுங்குபடி எழுதிய பட்டியல் இருக்குமே, தயவுசெய்து எடுத்துப் பாருங்கள். தண்ணீர்க் குழாய்க்கோ, கதவுக்கோ, வேறு எதற்கோ, அந்தப் பக்கத்து ஆளுக்கு இந்தப் பக்கத்து ஆள் தெரிகிற அளவுக்கு இந்தச் சுவரை உடைக்க வேண்டிய வேலை ஏதாவது இன்னும் மிச்சம் இருக்கிறதா?

உங்கள் தங்கச்சி,
பூரணி